வேலை தெரிந்த கை

இடது முன்கையில் நாற்று முடி சாய்ந்திருக்கும். முடியைக் கட்டியிருக்கும் தாளைக் கட்டைவிரல் அவிழ்த்ததும் வலது கை வேலையைத் தொடங்கிவிடும். கண்ணால் பார்க்காமலே இரண்டு மூன்று நாற்றைப் பிரித்தெடுத்து, வேரை விரல் நுனியில் கவ்வி, சேற்றில் ஊன்றிவிட்டு அடுத்த குத்துக்குப் போய்விடும். ஆழமாக இறங்கினால் தூர் வெடிப்பது தள்ளிப்போகும். மேலோடு நின்றால் தண்ணீர் கட்டியதும் நாற்று மிதந்துவிடும். நடுவில் இருக்கிற அந்த ஆழத்தை விரல்தான் அறியும். பரம்படித்த சேறு படிய எவ்வளவு நேரம் ஆகும், எப்போது இறங்கினால் நட்டது சாயாமல் நிற்கும், நாற்றுக்கு வயது ஏறியிருந்தால் குத்துக்கு எத்தனை வைக்க வேண்டும் என்பதெல்லாம் வயலில் கால் வைத்த மாத்திரத்தில் முடிவாகிவிடுகிற சங்கதிகள். இத்தனையும் குனிந்தபடி, பின்னோக்கி நகர்ந்தபடி, பக்கத்தில் நடுகிறவரின் வேகத்தோடு சேர்ந்துபோனபடி, ஊர்ப்பேச்சுக்கு நடுவில் நடக்கின்றன.

குறுவை நடவு நேரத்தில் தஞ்சாவூரிலிருந்து அம்மாபேட்டை, நீடாமங்கலம் வழியாக பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் காட்சி இது. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, மேலே ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்கள். அந்த வரிசையில் எந்தக் கை தேர்ந்த கை என்பது ஊருக்குத் தெரியும். "வேலை தெரிஞ்ச ஆளு" என்பார்கள். டெல்டாவில் உழைப்பவருக்குக் கிடைக்கிற பட்டங்களில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த வரிசையில் நின்ற பெண் நடவு இல்லாத மாதங்களில் நூறு நாள் வேலைக்குப் போனார். 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் தன் நோக்கத்தைச் சொல்லும் முகப்பு வரியிலேயே அந்த வேலைக்கு ஒரு பெயர் வைத்திருந்தது: திறன் சாரா உடலுழைப்பு. நாகப்பட்டினம் மாவட்டம் முதல் கட்டத்திலும், தஞ்சாவூரும் திருவாரூரும் இரண்டாம் கட்டத்திலும் அந்தத் திட்டத்துக்குள் வந்தன. படிப்போ சான்றிதழோ கேட்காமல் யார் வந்து நின்றாலும் வேலை கொடுக்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட சொல் அது. கோடையில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வைத்த சட்டம். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வேலையைக் குறிக்க வந்த அந்தச் சொல் ஆளின் மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது. குறைந்தபட்சக் கூலிப் பட்டியல்களைப் பாருங்கள். திறனற்ற, பகுதித் திறனுள்ள, திறனுள்ள, மிகு திறனுள்ள என்று மனிதர்களை அடுக்கி வைத்திருப்பார்கள். முப்பது வருஷம் நட்ட கை அந்த அடுக்கின் அடித்தட்டில் கிடக்கிறது.

வேலை செய்கிறவரின் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதற்கும், 'இந்த வேலை எனக்குக் கைவந்தது' என்ற தெம்புக்கும் என்ன உறவு? பெரிய நிறுவனங்களின் மனிதவளத் துறைகள் இன்று இந்தக் கேள்வியைக் கேட்டு, பயிற்சிக் கூடங்கள் நடத்துகின்றன. அதே கேள்வியைக் களத்துமேட்டில் வைத்துக் கேட்பதுதான் இந்தக் கட்டுரை. நெல்லை நட்டு, பாய்ச்சி, அறுத்து, கொள்முதல் செய்து நம் தட்டுக்கு அனுப்பும் லட்சக்கணக்கானவர்களும் வேலை செய்கிறவர்கள்தானே.

விரலறிவும் மன நலமும்

1959-இல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஒயிட் ஒரு கட்டுரை எழுதினார். பசி, பயம், காமம் ஆகியவைதான் உயிரை இயக்குகின்றன என்று அன்றைய உளவியல் நம்பிக்கொண்டிருந்தது. வயிறு நிறைந்த குழந்தை ஏன் சும்மா இருப்பதில்லை என்று அவர் கேட்டார். கிலுகிலுப்பையை ஆட்டுகிறது, கீழே போடுகிறது, எடுத்துத் தரச் சொல்லி மறுபடியும் போடுகிறது. தன்னால் உலகில் ஒரு மாற்றத்தை உண்டாக்க முடிகிறது என்று காண்பதிலேயே அதற்கு ஒரு நிறைவு இருக்கிறது. அந்த நாட்டம் பிறவியிலேயே வருகிறது, கடைசிவரை போவதில்லை என்பது ஒயிட் கண்டது.

அந்தச் சரட்டைப் பிடித்து எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் 1985-இல் ஒரு புத்தகமாக விரித்தார்கள். மனிதன் செழிக்க மூன்று தேவைகள் என்பது அவர்களுடைய கோட்பாடு. தன் செயலைத் தானே தேர்ந்தெடுப்பது, அதைத் திறம்படச் செய்ய முடிவது, பிறரோடு ஒட்டி உறவாடுவது. இந்த மூன்றில் ஒன்று வறண்டாலும் மனிதன் வாடுவான். டெசி 1971-இல் மாணவர்களிடம் புதிர்க் கட்டைகளைக் கொடுத்து நடத்திய சோதனை இன்றும் பேசப்படுகிறது. புதிரை அவிழ்த்ததற்குக் காசு கொடுக்கப்பட்டவர்கள், ஓய்வு நேரத்தில் அந்தக் கட்டைகளைத் தொடுவது குறைந்துபோனது. 'நன்றாகச் செய்தாய்' என்று வாயால் சொல்லக் கேட்டவர்களுக்கோ ஆர்வம் கூடியது. "வேலை தெரிஞ்ச ஆளு" என்ற மூன்று சொற்கள் ஒரு வயலில் என்ன வேலை பார்க்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதை வைத்துக்கொண்டு கூலியைக் குறைக்கக் கிளம்புகிறவர்களும் உண்டு. பாராட்டினால் போதும், காசு எதற்கு என்று. அது பெரிய அநியாயம். அந்த மாணவர்களுக்கு வீட்டில் சோறு இருந்தது. பாராட்டு என்பது கூலி கொடுத்த பிறகு வருகிற பேச்சு.

நடவைப் பற்றி எழுதுகிறவர்கள் குலவையையும் பாட்டையும் பற்றி எழுதி முடித்துவிடுகிறார்கள். இடுப்பு வலியையும் எழுத வேண்டும். நாள் முழுக்கச் சேற்றில் நின்றால் கால் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணையும், மாதவிலக்கு நாளில் ஒதுங்க மறைவிடம் இல்லாத வரப்புகளையும் எழுத வேண்டும். கைத்திறன் தரும் தெம்பு இந்த வலிகளுக்கு மருந்தாகாது. ஆனால் அந்தத் தெம்பும் இல்லாமல் இந்த வலியை மட்டும் சுமப்பது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எடைமேடைக்கு முன்னால் ஒரு மனிதர்

டெல்டாவில் இன்னொரு வகைத் தொழிலாளர் இருக்கிறார். அவரைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டியதில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் பட்டியல் எழுத்தர். 1972-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் டெல்டா மாவட்டங்களில் பருவந்தோறும் நூற்றுக்கணக்கான நிலையங்களைத் திறக்கிறது. ஓர் எழுத்தர், ஓர் உதவியாளர், ஒரு காவலர், சுமைதூக்கும் தொழிலாளர்கள். பலர் பருவகாலப் பணியாளர்கள். பல நிலையங்களுக்கு நிலையான கட்டடம்கூட இருக்காது. களத்தில் நெல் குவியல், மேலே தார்ப்பாய், பக்கத்தில் தூற்றும் இயந்திரம், நாற்பது கிலோ சாக்கு மூட்டைகள், வரிசையில் காத்திருக்கும் விவசாயிகள்.

அங்கே ஓர் எண் ஆட்சி செய்கிறது: 17. நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அந்த அளவைத் தளர்த்தும் அதிகாரம் நிலையத்தில் இல்லை, தஞ்சாவூரில் இல்லை, சென்னையிலும் இல்லை. டெல்லியில் இருக்கிறது. அறுவடை நேரத்தில் மழை பெய்தால் மாநில அரசு கடிதம் எழுதும். மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். பிறகு உத்தரவு வரும், அல்லது வராது. 2023 பிப்ரவரியில் பருவம் தப்பிப் பெய்த மழைக்குப் பிறகு 20 சதவீதம் வரை வாங்கலாம் என்று உத்தரவு வந்தது. 2025 அக்டோபரில் குறுவை நெல் நிலையங்களில் தேங்கி மழையில் நனைந்து முளைவிட்டபோது டெல்டா முழுவதும் இந்தத் தளர்வே பேச்சாக இருந்தது.

குழு வந்து போகும்வரை அந்த எழுத்தர் என்ன செய்வார்? நெல்லை அவருக்குத் தெரியும். அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாலே ஈரம் தெரிகிற அனுபவம் இருக்கும். பல்லில் வைத்துக் கடித்தால் எழும் ஓசையை வைத்துக் காய்ச்சலைச் சொல்லும் பெரியவர்கள் வரிசையிலேயே நிற்பார்கள். இன்று மதியம் வெயில் அடித்தால் மாலைக்குள் இந்தக் குவியல் அளவுக்கு வந்துவிடும் என்று இருவருக்குமே தெரியும். மறுபடி மழை பிடித்தால் முளைவிட்டுவிடும் என்பதும் தெரியும். ஆனால் வாங்குகிறேன் என்று சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. வாங்கமாட்டேன் என்று சொன்னால் நாலு மாதம் பாடுபட்டவரின் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். லாரி வராமல் மூட்டைகள் வெயிலில் கிடந்து எடை குறைந்தால் அதற்கும் அவரே பதில் சொல்ல வேண்டும்.

ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-இல் ஸ்வீடன், அமெரிக்கத் தொழிலாளர்களின் விவரங்களை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். வேலைப்பளு மட்டும் மனிதனை நோயாளி ஆக்குவதில்லை. பளு அதிகமாகவும் முடிவெடுக்கும் இடம் குறைவாகவும் இருக்கும் வேலைதான் ஆளை நொறுக்குகிறது. முடிவெடுக்கும் இடம் என்று அவர் சொன்னதில் இரண்டு அடங்கும். ஒன்று, எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை. மற்றொன்று, தனக்குத் தெரிந்த திறனைப் பயன்படுத்தக் கிடைக்கும் வாய்ப்பு. அவர் தஞ்சாவூருக்கு வந்ததில்லை. ஆனாலும் அவர் வரைந்த கட்டத்தின் மிக மோசமான மூலையில் நம் எழுத்தர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

லண்டன் அரசு ஊழியர்களை 1967 முதல் தொடர்ந்து கவனித்த ஒயிட்ஹால் ஆய்வுகளும் இதையே உடம்பின் மொழியில் சொல்லின. மைக்கேல் மார்மட்டும் அவருடைய குழுவினரும் பார்த்தபோது, மேல்நிலை அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களே இதய நோயால் அதிகம் இறந்தார்கள். பெரிய பொறுப்பில் இருப்பவருக்குத்தான் மாரடைப்பு வரும் என்ற பொதுநம்பிக்கையை அந்த முடிவு புரட்டிப் போட்டது. தன் வேலையின் மேல் தனக்குப் பிடி இல்லாமல் இருப்பது நெஞ்சுவரை போய்த் தாக்குகிறது என்று 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு காட்டியது.

கொள்முதல் நிலையம் என்றதும் நாம் மூட்டைக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று மட்டும்தான் பேசுகிறோம். அந்தக் கையூட்டு விவசாயியின் வயிற்றில் அடிப்பது. ஒழிய வேண்டியது. ஆனால் ஒரு வேலையை நேர்மையாகச் செய்து நிறைவடைய வழியே இல்லாமல் அமைத்துவிட்டு, அதில் உட்காருகிறவர்கள் எல்லாரும் நிமிர்ந்தே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நனைந்த நெல்லுக்கு என்ன செய்வது என்பதில் மாவட்ட அளவிலாவது முடிவெடுக்கும் அதிகாரமும், நிலையத்துக்கு ஓர் உலர்த்தும் இயந்திரமும் இருந்தால் அந்த எழுத்தரின் நாள் வேறு மாதிரி இருக்கும். விவசாயியின் நாளும்தான்.

திறன் இருந்தது, தலை நிமிர முடியவில்லை

இங்கே ஒரு கசப்பைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கைத்திறன் இருந்தாலே மனிதன் நலமாக இருப்பான் என்றால், உலகிலேயே நலமாக இருந்திருக்க வேண்டியவர்கள் பழைய தஞ்சை மாவட்டத்தின் பண்ணையாட்கள். உழவு, சேடை, அண்டை வெட்டு, மடை திறப்பு, நாற்றங்கால், நடவு, களை, அறுப்பு, கட்டுத் தூக்கு, அடி, தூற்று என்று நெல்லின் முழு வாழ்க்கையும் அவர்கள் கையில் இருந்தது. வேலிக்கணக்கில் நிலம் வைத்திருந்தவர்களில் பலர் சேற்றில் கால் வைத்ததே இல்லை. அறிவு முழுக்க ஒரு பக்கம், அதிகாரம் முழுக்க மறுபக்கம். சவுக்கடியும் சாணிப்பாலும் அந்த அறிவுக்குக் கிடைத்த கூலி.

பொதுவுடைமை இயக்கத் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கிராமம் கிராமமாகப் போய்ச் சங்கம் கட்டினார்கள். 1952-இல் தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும்தான் அதிகம். அதற்குப் பின்னிருந்த கூலிப் போராட்டத்தின் கோரிக்கை அரைப்படி நெல் கூடுதல் கூலி. அந்த நெல்லை விளைவித்த கைகள் கேட்டது.

ஆகவே திறமை, தெம்பு, மன நலம் என்று பேசுகிற எவரும் டெல்டாவில் நின்று பேசினால் இதையும் சேர்த்தே பேச வேண்டும். தெரிந்திருப்பது போதாது. தெரிந்தவர் என்று மதிக்கப்பட வேண்டும். அந்தத் தெரிதலை வைத்து முடிவெடுக்கும் இடம் வேண்டும். டெசியும் ரயனும் மூன்று தேவைகளைப் பிரிக்காமல் சேர்த்தே சொன்னதன் நியாயம் வெண்மணியில் புரிகிறது.

இதன் மறுபக்கத்தையும் அதே மண் காட்டியிருக்கிறது. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் வெண்மணிக்குப் பிறகு அந்தப் பகுதியிலேயே தங்கி, 1981-இல் உழுபவனின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். நில உடைமையாளர்களிடம் பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, ஆயிரக்கணக்கான நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் வீதம், பெண்கள் பெயரிலேயே நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தப் பெண்களுக்கு யாரும் விவசாயம் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. என்ன ரகம் போடுவது, என்றைக்கு நாற்று விடுவது, எப்போது அறுப்பது என்று முடிவெடுக்கும் உரிமை மட்டுமே இல்லாமல் இருந்தது. அது கையில் வந்ததும் அதே கை வேறு கையாகிவிட்டது. இந்தப் பணிக்காக அந்தத் தம்பதியருக்கு 2008-இல் மாற்று நோபல் எனப்படும் வாழ்வுரிமை விருது கிடைத்தது.

தெரிந்தது திடீரென்று செல்லாமல் போனால்

இப்போது வேறொரு வகை இழப்பு நடந்துகொண்டிருக்கிறது. சத்தமில்லாமல் நடக்கிறது.

கதிர் அறுப்பு முதலில் போனது. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்புவரை அரிவாளோடு இறங்கியவர்கள் கூலியை நெல்லாகவே வாங்கிப் போனார்கள். அறுவடை இயந்திரம் வந்த பிறகு ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கர் முடிந்துவிடுகிறது. அடுத்தது நடவு. டெல்டாப் பாசனத்துக்கு மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. ஆனால் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2024-இல் ஜூலை 28 ஆனது. தண்ணீர் வரும் நாள் தெரியாதபோது நாற்று விட்டுக் காத்திருக்க முடியாது. கடைமடையில் புழுதியில் நேரடியாக விதைத்துவிடுகிறார்கள். விதைத்த வயலில் நடவாளுக்கு வேலை இல்லை. மற்ற இடங்களில் பாய் நாற்றங்காலும் நடவு இயந்திரமும் வந்துவிட்டன. இயந்திரம் விட்டுப்போன சந்துகளில் கையால் நட்டு நிரப்பும் வேலை மட்டும் பெண்களுக்கு மிஞ்சுகிறது.

ஆள் பற்றாக்குறை உண்மையானது. ஒரே வாரத்தில் எல்லா வயலுக்கும் தண்ணீர் வந்தால் எல்லாருக்கும் அதே நாளில் ஆள் வேண்டும். பிள்ளைகள் படித்துவிட்டு ஊரைவிட்டுப் போகிறார்கள். அவர்கள் போவது நல்லது, போக வேண்டும். வங்காளத்திலிருந்து நடவுக்கென்றே குழுவாக வரும் இளைஞர்களை இப்போது டெல்டா வயல்களில் பார்க்கலாம். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, விறுவிறுவென்று நட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களும் நெல் விளையும் ஆற்றுப் படுகையில் வளர்ந்தவர்கள், வேலை தெரிந்த கைகள். மொழி தெரியாத ஊரில், மோட்டார் கொட்டகையில் படுத்துக்கொண்டு, தங்கள் திறமையை விற்கிறார்கள். அவர்கள் மேல் கோபப்படுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இயந்திரத்தை நான் எதிர்க்கவில்லை. முதுகு ஒடியும் வேலையை இரும்பு செய்யட்டும். என் கவலை வேறு. ஐம்பது வயதில் ஒரு பெண் சட்டென்று வேலை தெரியாதவராக ஆக்கப்படுகிறார். நேற்றுவரை இளம்பெண்கள் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்ற கை இன்று சும்மா தொங்குகிறது. போன கூலிக்கு வேறெங்காவது கூலி கிடைக்கலாம். போன மதிப்புக்கு என்ன கிடைக்கும்?

மாற்றத்தை எப்படிக் கொண்டுவருகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. செம்மை நெல் சாகுபடி வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். மடகாஸ்கரில் பிறந்த முறை அது. பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒன்றே ஒன்று, 22.5 சென்டிமீட்டர் சதுரத்தில் நடவு, ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதை போதும், களைக்குக் கோனோ வீடர். பழகிய கைக்கு இது தலைகீழ். குச்சி போன்ற நாற்றைப் பிடித்த விரலுக்கு நூல் போன்ற நாற்று வழுக்கியது. அடையாளக் கயிற்றைப் பார்த்துப் பார்த்து நட்டதில் வேகம் பாதியானது. கூலியை நடவுப் பரப்பை வைத்துக் கணக்கிட்ட இடங்களில் வருமானமும் குறைந்தது. நடவாட்கள் முரண்டு பிடிக்கிறார்கள் என்று பலரும் சொன்னார்கள். தேர்ந்த கையைக் கற்றுக்குட்டிக் கையாக்கிவிட்டு, அந்தக் கற்கும் நாட்களுக்குக் கூலியும் கொடுக்காவிட்டால் யார்தான் முரண்டு பிடிக்கமாட்டார்கள்? பயிற்சி நாட்களுக்கு முழுக் கூலி கொடுத்து, முறையின் காரணத்தைச் சொல்லி, குழுவையே நம்பி விட்ட இடங்களில் அதே பெண்கள் சில நாட்களில் வேகத்தைப் பிடித்துவிட்டார்கள்.

இந்தியாவிலேயே இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. அகமதாபாத் காலிகோ மில்லில் தானியங்கித் தறிகளைப் போட்டும் உற்பத்தி உயரவில்லை. 1953-இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் அங்கே வந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு வேலை என்றிருந்ததை மாற்றி, ஒரு சிறு குழுவிடம் ஒரு தொகுதித் தறிகளை முழுமையாக ஒப்படைக்கும் யோசனை உருவானது. குழுவை அமைத்துக்கொண்டவர்கள் தொழிலாளர்களே. உற்பத்தி கூடியது, சேதம் குறைந்தது. நம் நடவுக் குழு தலைமுறைகளாக இப்படித்தான் இயங்கி வந்திருக்கிறது. யார் நாற்றுப் பறிப்பது, யார் கரையோரம் நிற்பது, யாருக்கு உடம்பு சரியில்லை, அவர் வரிசையை யார் சேர்த்து நடுவது என்று அவர்களே பங்கிட்டுக்கொள்வார்கள்.

வேலையை விட்டுப் போன விஞ்ஞானி

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இளங்காடு. 1938-இல் அங்கே பிறந்தவர் கோ. நம்மாழ்வார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்துவிட்டு 1963-இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அரசு வேலை, மாதச் சம்பளம், விஞ்ஞானி என்ற மரியாதை. 1969-இல் விட்டுவிட்டார். மானாவாரி விவசாயி வாங்க முடியாத இடுபொருட்களை வைத்துச் செய்யும் சோதனைகள் அந்த விவசாயிக்கு ஒருபோதும் உதவப்போவதில்லை என்று அவருக்குத் தோன்றியது. சொல்லிப் பார்த்தார், மாறவில்லை.

அவரை இயற்கை வேளாண் போராளியாக எல்லாருக்கும் தெரியும். அவருடைய எல்லாக் கருத்துகளையும் நான் ஏற்பவனல்லன். ஆனால் அந்த ராஜினாமா என்னை நெடுநாளாக யோசிக்க வைக்கிறது. திறமை இல்லாமல் அவர் போகவில்லை. தன் திறமை யாரையும் போய்ச் சேரவில்லை என்று கண்டு போனார். ஒயிட் சொன்ன குழந்தையின் கிலுகிலுப்பை அது. ஆட்டியும் ஓசை வரவில்லை. பின்னாளில் 2004 சுனாமியில் உப்பேறிய நாகை வயல்களை மீட்கும் வேலையில் நின்றபோதும், 2013 டிசம்பர் 30-இல் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் உயிர் பிரியும்வரையும் அந்த மனிதர் ஓயவில்லை. அரசுச் சம்பளமில்லாத அந்த நாற்பத்து நாலு ஆண்டுகளில் அவர் சோர்ந்திருந்ததாக உடனிருந்தவர்கள் யாரும் எழுதி நான் படித்ததில்லை.

பார்க்கும் கண்

கல்லணையை ஆராய்ந்த ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இதைக் கட்டியவர்களிடம்தான் நாங்கள் கற்றோம் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். 1836-இல் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் அந்தப் பாடத்தின் மேல் எழுந்தன. கல்லைச் சுமந்து மணலில் இறக்கியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் செய்ததை வித்தை என்று அடையாளம் காண ஒரு கண் இருந்தது.

அந்தக் கண் இப்போது வேண்டும். 2023 நவம்பரில் தொடங்கிய ட்ரோன் திட்டத்தில் மகளிர் குழுப் பெண்களுக்குப் பதினைந்து நாள் பயிற்சி கொடுத்து விமானி என்று சான்றிதழ் தருகிறார்கள். வயலுக்கு மேல் ஒரு பெண் இயந்திரத்தைப் பறக்க விடுவதைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது. அவருக்குக் கொடுத்தது சரி. பதினைந்து நாள் கற்றதைத் திறன் என்று எழுதத் தெரிந்த அரசுக்கு, முப்பது வருஷம் கற்றதையும் திறன் என்று எழுதத் தெரிய வேண்டும். அதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முறையாகப் படிக்காமல் அனுபவத்தில் கற்றவர்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அது நடவு வயலுக்கும், வாய்க்கால் மடைக்கும், நாற்றங்காலுக்கும் வர வேண்டும்.

வேளாண்மைத் துறைக்கும் தொழிலாளர் துறைக்கும் ஒரு வேண்டுகோள். நடவு, நாற்றுப் பறிப்பு, தண்ணீர் பாய்ச்சுதல் ஆகியவற்றைக் கூலிப் பட்டியலில் திறனுள்ள வேலைகளின் வரிசைக்கு மாற்றுங்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-இலிருந்து டெல்டாவுக்கு ரகம் கொடுத்து வருகிறது. நடவு இயந்திரத்துக்கும் புது முறைகளுக்கும் அங்கே பயிற்சி நடக்கும்போது, கற்றுக்கொள்ள வருகிறவர்களாக மட்டும் அந்தப் பெண்களை அழைக்காதீர்கள். சேற்றின் பதத்தையும் நாற்றின் வயதையும் சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநர்களாக, அதற்குரிய ஊதியத்தோடு, அவர்களில் சிலரை அழையுங்கள். அடுத்த ஜூன் 12-க்குள் இதைத் தொடங்கிவிடலாம்.